குடிக்காதவரின் தள்ளாட்டம்

ஊர் ஒருவனைக் குடிகாரன் என்று முடிவு கட்டிவிட்டால், அப்புறம் அவன் குடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மீதியை ஊரே பார்த்துக்கொள்ளும். எண்பத்தெட்டாம் வருஷம் பருத்திப்பட்டில் கஜபதிக்கு நடந்தது அதுதான். பீடி, பாக்கு கூடத் தொடாத மனிதர். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் மற்ற ஆண்கள் நைசாகப் பின்பக்கம் நழுவினால், இவர் இலை எடுக்கப் போய்விடுவார். அவரைப் போய், "கஜபதி இப்பல்லாம் காலங்காத்தாலயே ஏத்திக்கினு வர்றான்" என்று டீக்கடையில் பேசினார்கள்.

இதைக் கஜபதியின் கதை என்பதைவிட, அவர் மனைவி கஸ்தூரியின் கதை என்று சொல்வதுதான் நியாயம். ஏனென்றால் அந்த இரண்டு வருஷம் அவர் எதற்கும் ஒற்றைக் காலில் நிற்கிற நிலையில் இல்லை. அவருக்கும் சேர்த்து அவள்தான் நின்றாள்.

கஸ்தூரி ஏரிக்கரைப் பக்கத்துக்காரி. அப்பன் வழியில் வந்த நிலமெல்லாம் மனைக்கட்டாகிப் போன பிறகு அவளிடம் மிஞ்சியது நாலு எருமையும் ஒரு வைக்கோல் போரும்தான். விடிவதற்குள் கறந்து, ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக்காரர்கள் இருக்கும் குவார்ட்டர்ஸுக்குப் போய் வீடு வீடாகப் பால் ஊற்றுவாள். பாலில் தண்ணீர் கலப்பதில்லை. பேச்சிலும் தண்ணீர் கலப்பதில்லை. அதனால் அவளைப் பிடித்தவர்களும் உண்டு, பிடிக்காதவர்கள் அதைவிட அதிகம்.

கஜபதி அவளுக்கு அத்தை மகன். இரண்டு பெண் பிள்ளைகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினார். தகட்டை அச்சின்மேல் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து டை என்கிற வெட்டச்சு இறங்கி, ஸ்கூட்டருக்கான ஒரு துண்டை வெட்டிப் போடும். வைப்பதும் எடுப்பதும் மிதிப்பதும் ஒரே தாளத்தில் போக வேண்டிய வேலை. தாளம் தப்பினால் போவது தகடு இல்லை, விரல். அந்த எஸ்டேட்டில் பிரஸ் ஓட்டிய பலருக்கு விரல் கணக்கு சரியாக இருக்காது. கஜபதிக்குப் பத்தும் பத்திரமாக இருந்தன. அதில் கஸ்தூரிக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

வியாதி வந்த விதம் வியாதி மாதிரியே இல்லை. அதற்கு முந்தின வருஷமே முதலில் களைப்பு. ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாய்ந்துவிடுவார். அப்புறம் உடம்பு போட்டது. "எருமைப் பால வூட்லயே வெச்சிக்கினு கீற, வேற இன்னா ஆவும்" என்று அவளையே கிண்டல் பண்ணினார்கள். கத்திரி வெயிலில் ஊரே விசிறியும் கையுமாக அலையும்போது அவர் போர்வை கேட்டார். குரல் கட்டையானது. தொண்டைக்கட்டு என்று மிளகு, கற்கண்டு, பனங்கற்கண்டு என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தாள், குரல் இன்னும் கீழேதான் போனது. நாக்கு தடித்து, வார்த்தை வாயிலேயே உருண்டு உருண்டு வெளியே வந்தது. கண்ணுக்குக் கீழே ரெப்பை வீங்கித் தொங்கியது. நடக்கும்போது கால் ஒரு பக்கம் இழுத்தது. ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவனுக்கே கேள்வி மறந்துவிடும்.

வீங்கிய முகம், குழறும் பேச்சு, தள்ளாடும் நடை. பார்க்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்.

கஸ்தூரிக்கும் தோன்றியது. அதை மறைப்பதில் பயனில்லை. அவர் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்து பார்த்தாள். வைக்கோல் போருக்குள் கையை விட்டுத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் ஒருவேளை நிம்மதியாகக்கூட இருந்திருக்கும், திட்டித் தீர்த்திருக்கலாம்.

அந்த வருஷம் ஐப்பசியில் கம்பெனியில் அந்தக் காரியம் நடந்தது. கஜபதி தகட்டை வைத்தார், கையை எடுக்குமுன் பெடலை மிதித்துவிட்டார். பக்கத்து மிஷின்காரர் தோளைப் பிடித்து இழுத்ததில் கை தப்பியது, ஆள்காட்டி விரலின் நகம் மட்டும் போனது. போர்மேன் தேவராஜ் ஓடி வந்தார். தேவராஜ் கெட்டவர் இல்லை. குடித்துவிட்டு வந்து கையை இழந்தவர்களை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போன ஆள் அவர். அந்தப் பயம் அவருக்கு உண்டு. கஜபதியின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். வாசனை இல்லை.

"வாசன வராத சரக்கா பாத்து அட்ச்சிக்கினு வர்றியா நீ," என்றார்.

அதாவது வாசனை வந்தாலும் குடி, வராவிட்டாலும் குடி. தப்பிக்க வழியே வைக்காத நியாயம். கஜபதியை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "குடித்துவிட்டு வேலைக்கு வந்தது தப்பு, இனி குடிக்க மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வாராம். அதற்கும் தேவராஜ்தான் சிபாரிசு பண்ணியிருந்தார். தான் நல்லது செய்ததாகவே அவர் நினைத்தார்.

சேதி கேட்டு கஸ்தூரியின் அண்ணன் கோவிந்தராஜ் வந்தார். அவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்தான். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை தயாராக இருக்கும்.

"மாப்ளைக்கு ஐயப்பன் மாலை போட்ருவோம். நம்ம எஸ்டேட்ல எத்தினி பேரு மாலை போட்டு குடிய உட்டுக்கீறாங்க. கார்த்திக ஒண்ணாந்தேதிக்கு மாலை. மலைக்கிப் போய்ட்டு வந்து லெட்டர குட்த்துட்டு வேலைக்கி போவட்டும். எவனும் வாய தொறக்கமாட்டான்."

குடிக்காதவர் குடியை விடுவதற்கு மாலை போடுவதா என்று கஜபதி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "செரி" என்றார், அதையும் ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். கஸ்தூரி மறுக்கவில்லை. அவள் கணக்கு வேறு. மாலை போட்டால் அவர் அவள் கையால் சமைத்ததைத்தான் சாப்பிட வேண்டும், வீட்டை விட்டு நகரக் கூடாது. வேலையும் இல்லை. ஒரு மண்டலம் கண்ணெதிரே இருப்பார். குடியா இல்லையா என்பது அவளுக்காவது தெரிந்துவிடும்.

அவளிடம் பால் வாங்கும் ஜானகிராமன் குவார்ட்டர்ஸில் பெயர் பெற்ற குருசாமி. சேலத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். கஜபதி அவர் கையால் மாலை போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கஸ்தூரிக்கு மாமா இல்லை, சாமி. கூப்பிடுவதும் "சாமி", சோறு போடுவதும் "சாமி". தெருவில் குடிகாரன் என்று பேசியவர்களும் நேரில் பார்த்தால் "சாமி சரணம்" என்றார்கள். அந்த மட்டுக்கும் லாபம்தான்.

ஆனால் விடிகாலைப் பச்சைத்தண்ணீர்க் குளியல் அவரைக் கொன்றது. கார்த்திகைப் பனியில் கிணற்றடியில் நாலு செம்பு ஊற்றிக்கொண்டு வந்தால், வெயில் ஏறி உச்சிக்கு வரும்வரை உடம்பு சூடு திரும்பாது. உதடு நீலம் பாரித்துப் போகும். சந்தனம் வைக்க நெற்றியைத் தொட்டால் தவளையைத் தொட்டது மாதிரி இருக்கும். அப்படிச் சந்தனம் வைக்கும்போதுதான் அவள் கவனித்தாள், இரண்டு புருவத்திலும் வெளிப்பக்க முடி இல்லவே இல்லை. பாதிப் புருவம் எங்கே போனது என்று அவளுக்கு விளங்கவில்லை. தோல் சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரத்துக் கிடந்தது. இத்தனை நாளும் அவரை முகர்ந்து பார்த்தோமே தவிர முகத்தைப் பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

குவார்ட்டர்ஸில் பொன்னம்மாள் என்று ஒரு வாடிக்கைக்காரி. சில வருஷங்களுக்கு முன் கழுத்தில் கட்டி வந்து அறுத்து எடுத்துக்கொண்டவள். பால் ஊற்றிக்கொண்டே கஸ்தூரி புலம்பினாள். பொன்னம்மாள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"கட்டிய எடுத்த பிறகு எனக்கு தினம் ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க. தைராய்டுக்கு. ஒரு தடவை ஊருக்குப் போன இடத்துல ரெண்டு மாசம் விட்டுட்டேன். இதே மாதிரிதான் கஸ்தூரி, குளிரு, தூக்கம், குரல் கம்மிப்போயி. எங்க வீட்டுக்காரர் என் குரலப் போன்ல கேட்டு யாருன்னு கேட்டார். உன் வீட்டுக்காரருக்கு அதுவான்னு எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட கேட்டுப் பாரேன்."

கஸ்தூரி அன்றைக்கே சாமியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து டாக்டரிடம் போனாள். அந்த டாக்டர் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தவர். சர்க்கரை பார்த்தார், மஞ்சள் காமாலைக்குப் பார்த்தார், எல்லாம் சரி, ரத்தம் கம்மி என்று டானிக் எழுதியவர். தைராய்டா இருக்குமா என்று அவள் கேட்டதும் சிரித்தார். கழுத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"கழுத்துல ஒண்ணும் இல்லையேம்மா. அது பொம்பளைங்களுக்கு வர்றது. கழுத்து வீங்கும். இவருக்கு வேற பழக்கம் ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க."

வேற பழக்கம். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் கஸ்தூரிக்குக் காது புளித்துப்போயிருந்தது. கம்பவுண்டர் டானிக் பாட்டிலை நீட்டினார். வாங்காமல் வந்துவிட்டாள்.

மார்கழியில் கன்னி பூஜை. முதல் தடவை மலைக்குப் போகிற கன்னிசாமி தன் வீட்டில் மற்ற சாமிகளைக் கூப்பிட்டு பஜனை வைத்து, சோறு போட வேண்டும். வாசலில் பந்தல் போட்டார்கள். ஜானகிராமன் குருசாமி வந்தார், கோவிந்தராஜ் வந்தார், கம்பெனியிலிருந்து மாலை போட்ட நாலு பேரும் வந்தார்கள். பஜனை ஏறி நடந்துகொண்டிருந்தது. கன்னிசாமி சரணம் சொல்ல வேண்டிய இடம் வந்தது. கஜபதி வாயைத் திறந்தார். நாக்கு எழும்பவில்லை. ஒரு சரணத்துக்கும் அடுத்த சரணத்துக்கும் நடுவே கண் சொருகியது. கற்பூரத் தட்டை எடுக்க எழுந்தவர் பக்கவாட்டில் சாய்ந்து, தட்டோடு போய் இலைக்கட்டின் மேல் விழுந்தார்.

டோலக் நின்றுவிட்டது. பின்வரிசையில் யாரோ, "மாலைய போட்டுக்கினு பாரு" என்றார்கள். அது எல்லோருக்கும் கேட்டது.

கோவிந்தராஜுக்கு முகம் கறுத்துவிட்டது. "மானத்த வாங்கிட்டியே மாப்ள. சாமி காரியத்துலயுமா," என்றார்.

ஜானகிராமன் கஜபதியைத் தூக்கி உட்கார வைத்தார். பிறகு கஸ்தூரியைத் தனியாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில், "அம்மா, மனசுக்குக் கஷ்டம்தான். ஆனா இப்படி இருக்கிறவர மலைக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. மாலையக் கழட்டிடலாம்," என்றார்.

மாலையை நடுவில் கழற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மறுநாள் அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் சேதி போய்விடும். தணிந்த குரலில் பேச கஸ்தூரிக்குத் தெரியாது. எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினாள்.

"குருசாமி, கார்த்திக ஒண்ணாந்தேதிலேர்ந்து இவரு என் கண்ண உட்டு நவுரல. துன்றது என் கையால, குடிக்கிற தண்ணி என் கையால. போயி வர்ற எடம் கெணத்தடியும் கொட்டாயும்தான். அப்ப எங்கேர்ந்து ஊத்திக்கினு வந்தாரு, என் எருமையாண்டயா?"

யாரோ சிரிக்கப் போய், அடக்கிக்கொண்டார்.

"இவருக்கு குடி இல்ல. வேற என்னமோ கீது. இன்னான்னு எனக்கு தெர்ல. தெர்ஞ்சிக்காம உடப்போறதும் இல்ல. மாலைய கழட்ட மாட்டேன். மாலையோடயே பட்டணத்து பெரிய ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போறேன். அங்க குடின்னு சொல்லட்டும், நானே கழட்டிக் குடுத்துட்றேன்."

"சரிம்மா, கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் மாலை இருக்கட்டும்," என்றார் ஜானகிராமன்.

மறுநாள் பால் ஊற்றுகிற வேலையை அண்ணன் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு, ஆவடியில் எலக்ட்ரிக் ரயில் பிடித்தாள். கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, சென்ட்ரல் வருவதற்குள் மூன்று முறை தூங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க ஒரு வரிசை, உட்கார ஒரு வரிசை, உள்ளே போக ஒரு வரிசை. முந்தினவர்களை எல்லாம் கஸ்தூரி ஒரு பார்வையிலேயே பின்னுக்கு அனுப்பினாள்.

உள்ளே நடுத்தர வயசு டாக்டரம்மா. சுற்றிலும் படிக்கிற பிள்ளைகள் சிலர். முதல் கேள்வியே, "குடிப்பாரா?"

கஸ்தூரிக்குச் சுருக்கென்றது. "மாலைய பாருங்கம்மா. மாலைக்கி முன்னாடியும் குடிச்சதில்ல. எல்லாரும் இதயே கேக்கறீங்க."

"கோவிச்சுக்காதீங்க. எல்லார்கிட்டயும் கேட்கிற கேள்விதான் அது. இல்லைன்னு சொல்லிட்டீங்க, சரி. இவர் முன்னாடி எப்படி இருந்தார், இப்ப என்ன மாறிப்போச்சு, உங்களுக்குத் தோணினபடி சொல்லுங்க."

இந்த மாதிரி யாரும் அதுவரை கேட்டதில்லை. கஸ்தூரி கொட்டித் தீர்த்தாள். கத்திரியில் போர்வை, வாரம் முழுக்க வெளிக்குப் போகாதது, பாதிப் புருவம், குரல், தூக்கம், பச்சைத்தண்ணீர், பிரஸ்ஸில் நகம் போனது என்று முன்னும் பின்னுமாகச் சொன்னாள். பொன்னம்மாள் சொன்னதையும் சொன்னாள். டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை. கஜபதியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அந்த நாடியும் ஆளைப் போலவே அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ரெப்பையைத் தூக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு அவரை ஒரு நாற்காலியில் முழங்காலிட்டு நிற்க வைத்து, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டினார். பாதம் துள்ளியது. துள்ளின பாதம் பழையபடி இறங்க வேண்டுமே, அது யோசித்து யோசித்து இறங்கியது.

பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு மறுபடியும் தட்டிக் காட்டினார். பிறகு கஸ்தூரியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க பால் ஊத்துற வீட்டம்மா கேட்கச் சொன்னது சரியான கேள்வி. கழுத்துக்குள்ள ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு என்ன வேகத்துல ஓடணும்னு சொல்றது அதுதான். அது சோர்ந்துபோனா எல்லாமே மெதுவாயிடும். நெஞ்சு, குடல், நாக்கு, யோசனை எல்லாம். உடம்புல சூடு தங்காது. அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்."

"கழுத்து வீங்கலியேம்மா. ஆம்பளைக்கி வராதுன்னாரு எங்க டாக்டரு."

"வீங்கியே ஆகணும்னு இல்ல. ஆம்பளைங்களுக்குக் கம்மி, ஆனா வரும். குடின்னு தப்பா நினைக்கிறதும் உண்டு." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நான் நினைக்கிறது மட்டும் போதாது. ரத்தத்துல பார்த்து உறுதி பண்ணணும். உண்டுன்னா ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணும், அத ஊகத்துல ஆரம்பிக்கக் கூடாது," என்றார்.

அந்த வார்த்தை கஸ்தூரிக்குப் பிடித்திருந்தது. ஊகத்தால்தானே அவர் பெயர் கெட்டது. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். அந்த நாளில் இந்தப் பரிசோதனையை நினைத்த இடத்தில் செய்துவிட முடியாது. ரத்தம் வேறு இடத்துக்குப் போக வேண்டும், போதிய பேர் சேர்ந்த பிறகுதான் மிஷினில் போடுவார்கள். பொங்கல் கழித்து வரச் சொன்னார். பச்சைத்தண்ணீர்க் குளியல் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மாலை போட்டவருக்கு வெந்நீர் வைத்தால் விரதம் போச்சு என்று குவார்ட்டர்ஸ் சாமிமார்கள் முணுமுணுத்தார்கள். கஸ்தூரி தவலையை அடுப்பில் ஏற்றினாள். "குளுருல சாமி போய்ட்டா மலைக்கி யாரு போவ்றது" என்று ஜானகிராமனிடமே கேட்டாள். அவரும் யோசித்துவிட்டு, "வெந்நீரே வையுங்கம்மா, ஐயப்பன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

பொங்கல் நெருங்கியபோதுதான் உண்மையான சோதனை வந்தது. கோவிந்தராஜ் கம்பெனியிலிருந்து சேதி கொண்டுவந்தார். பொங்கல் போனஸுக்குப் பிறகு மிஷினுக்குப் புது ஆள் எடுக்கப் போகிறார்களாம். அதற்குள் லெட்டர் வந்தால் கஜபதிக்கு இடம் உண்டு. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"வேலையும் போயி, பேரும் போயி நிக்கறதுக்கு, பேரு மட்டும் போனா பரவால்ல கஸ்தூரி. ஒரு கையெய்த்துதான. பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கினு கீற நீ," என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அண்ணன் போன பிறகு கஜபதி ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கட்டைக் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"குட்ச்சேன்னே... எய்தி குட்த்துடட்டா கஸ்தூரி? எல்லாரும் சொல்றாங்களே. நெசமாவே நான்தான்... இன்னாவோ பண்ணிட்டேனோன்னு கீது."

ஊர் சொன்னதை அவள் தாங்கிக்கொண்டாள். அவரே நம்ப ஆரம்பித்ததைத் தாங்க முடியவில்லை. தாளை எடுத்து நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இத பாரு மாமா," என்றாள். சாமி என்று கூப்பிட வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. "குட்ச்சேன்னு நீயே எய்தி குட்த்துட்டா, அப்பால எந்த டாக்டரும் வேற இன்னான்னு தேட மாட்டான். வியாதி உள்ளயே கெடக்கும், நீ செத்தாலும் குடிச்சி செத்தான்னுதான் சொல்லுவாங்க. ரத்தம் வர்ற வரைக்கும் நீ ஒரு எய்த்து எய்தக் கூடாது. வேல போனா போவட்டும். இன்னும் ரெண்டு எருமை வாங்கிக்கிறேன்."

இன்னும் இரண்டு எருமை வாங்க அவளிடம் வழி ஒன்றும் கிடையாது. சொல்லும்போது அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

ஜானகிராமன் கூட்டத்தோடு மலைக்குக் கிளம்பினார். ரத்தம் பார்த்து முடிவு தெரியும்வரை கஜபதி மலை ஏறக் கூடாது என்பது ஆஸ்பத்திரி உத்தரவு. அதனால் போகும் முன் ஆவடியில் கோயிலில் வைத்து, தேங்காய் உடைத்து, முறைப்படி கஜபதியின் மாலையை இறக்கினார். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "டாக்டர் சொல்லி எறக்கினது" என்று தானாகவே சொன்னார். அந்த மனிதருக்குப் புண்ணியம் உண்டு.

பொங்கல் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த வாரம் மிஷினில் போடவில்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் போனாள். டாக்டரம்மா தாளை விரித்து, ஒரு இடத்தில் விரல் வைத்துக் காட்டினார். சுரப்பி சுரக்க வேண்டியது இருக்கிற இடம் தெரியாமல் கிடந்தது. அதை வேலை செய் வேலை செய் என்று மூளை விரட்டுகிற சமாச்சாரம், நாலைந்துக்குள் இருக்க வேண்டியது, நூறைத் தாண்டி நின்றது.

"சந்தேகமே இல்லைம்மா. தைராய்டுதான். ரொம்ப நாளா இருந்திருக்கு."

கஸ்தூரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். புருஷனுக்கு வியாதி என்று கேட்டு அவளைப் போலச் சந்தோஷப்பட்டவள் அந்த ஆஸ்பத்திரியில் இருந்திருக்க மாட்டாள். "குடி இல்லன்னு எய்தி குடுங்கம்மா, பெரிசா எய்துங்க" என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே என்ன வியாதி, எத்தனை நாள், அதனால் என்னென்ன ஆகும் என்று எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, மாத்திரையைப் பற்றிச் சொன்னார். கொஞ்சமாக ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், அவசரப்பட்டால் நெஞ்சு தாங்காது. தினமும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். நன்றாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. இரண்டு மாசத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அதுவரை மிஷின் பக்கம் போகக் கூடாது.

தண்ணீரோடு மட்டும் என்றால் பால் கிடையாது. ஊருக்கெல்லாம் பால் ஊற்றுகிறவள், காலையில் சொந்தப் புருஷன் பால் சொம்பைத் தொடாமல் காவல் காத்தாள். மாத்திரை போட்டு நேரமான பிறகுதான் காபி.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. கோவிந்தராஜ், "மாத்தரைல இன்னா கீது" என்றார். கஸ்தூரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாசி பிறந்ததும் ரெப்பை வீக்கம் வடிய ஆரம்பித்தது. வயிறு தானாக இளகியது. ஒரு மத்தியானம் கஜபதி போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, "இன்னா இப்படி புயுங்குது, அந்த ஜன்னல தொற" என்றார். கஸ்தூரி ஜன்னலைத் திறக்கப் போனவள், திறந்துவிட்டு அங்கேயே நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பேச்சு நேரானது. கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று சின்ன மகளை மிரட்டினார். இரண்டாவது ரத்தத்தில் அந்த நூறு இருபதுக்கு இறங்கியிருந்தது. மாத்திரையை இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவராஜே வீடு தேடி வந்தார். பொங்கலுக்கு எடுத்த புது ஆள் சரிப்படவில்லை. ஆர்டர் குவிந்து கிடக்கிறது. டாக்டர் எழுதிய சீட்டைக் கஸ்தூரி முன்பே கம்பெனியில் கொடுத்திருந்தாள். முதலாளியும் பார்த்திருந்தார். ஆனாலும் தேவராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இந்தத் தடவை எல்லாம் டைப் அடித்தே இருந்தது.

"வியாதின்னு எங்களுக்கு தெரியுது கஜபதி. இல்லன்னு சொல்லல. ஆனா பைல்ல குடின்னு எழுதி அனுப்பிட்டோம். அத மாத்தினா ஆயிரம் கேள்வி வரும். இதுல ஒரு கையெழுத்து போட்டுடு, நாளைக்கே வந்துடு. பைலுக்குள்ள கிடக்கிற காகிதம், யாரு பாக்கப் போறாங்க?"

கஸ்தூரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தாள். இரண்டு வருஷமாக யார் எது கேட்டாலும் அவள்தான் பதில் சொல்லி வந்தாள். கேட்பவர்களும் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டுப் பழகிவிட்டார்கள்.

"நீ இரு கஸ்தூரி," என்றார் கஜபதி.

தாளை வாங்கினார். முழுவதும் படித்தார். நிதானமாகத் தேவராஜின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"யாரு பாப்பான்னு கேட்டியே, நான் பாப்பேன். என் பேரு போட்ட காகிதம் அது. நான் குடிக்கல தேவராஜு. எனக்கு தைராய்டு. அதனாலதான் அன்னிக்கி மிஷின்ல கை லேட்டாச்சு. குட்ச்சேன்றத அட்ச்சிட்டு, ஒடம்பு செரியில்லன்னு எய்திக்கினு வா, இந்த எடத்துலயே கையெய்த்து போட்றேன். டாக்டரம்மா சொல்ற வரைக்கும் பிரஸ்ல நிக்க மாட்டேன். பாக்கிங்ல நிக்கிறேன். ஆர்டர் கீதுன்னு என் கைய மிஷினுக்கு குடுக்க முடியாது. முதலாளி ஆவாதுன்னா உட்டுடு. எங்க ஊட்ல எருமை கீது, பால் கறக்க எனக்கும் தெரியும்."

தேவராஜ் பழக்க தோஷத்தில் கஸ்தூரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பேசவில்லை. அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"திங்கட்கெழம வேற எழுதிக்கினு வரேன்," என்றார். "அன்னிக்கி உன் வாயில மூக்க வெச்சி பாத்தேன் பாரு, அது தப்பு."

"ஆமா, தப்புதான்," என்றார் கஜபதி. அதற்குமேல் அதைப் பெரிதுபண்ணவும் இல்லை.

கஸ்தூரி சொல்லத் தயாராக வைத்திருந்தது எதுவும் தேவைப்படவில்லை. வந்தவருக்கு மோர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாள். வாசலில் கஜபதி கம்பெனி விஷயம் ஒவ்வொன்றாக விசாரிப்பது கேட்டது. அடுப்படிச் சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, இந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அழுதாள்.